கொல்லன் தெருவில் எந்த ஸ்மித்?

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் சேர்ந்து வினாடி வினா நடத்துவோம். பரிசு என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஒரு பேனா, ஒரு டீ, கொஞ்சம் கைதட்டல். ஒரு தடவை கேள்வி தயாரிக்கும் முறை என்னுடையது. "ஜார்ஜ் ஸ்மித் எதற்காக நோபல் பரிசு பெற்றார்?" என்று கேட்டேன். என் தாளில் இருந்த விடை சிசிடி, அதாவது டிஜிட்டல் கேமராவுக்குக் கண்ணாக வேலை செய்யும் சில்லு. உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்துப் புரதங்களைத் தேடிப் பிடிக்கும் முறைக்காக என்று சொன்னாள். தப்பு என்று உட்கார வைத்துவிட்டேன். ராத்திரி வீட்டில் எதற்கும் ஒருமுறை பார்ப்போமே என்று தேடினால் அவள் சொன்னதும் சரிதான். அந்தப் பெயரில் இரண்டு பேர் நோபல் வாங்கியிருக்கிறார்கள்: 2009-ல் இயற்பியலுக்கு ஜார்ஜ் இ. ஸ்மித், 2018-ல் வேதியியலுக்கு ஜார்ஜ் பி. ஸ்மித். அடுத்த மாதம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுப் பேனாவையும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஸ்மித் என்ற பெயரைப் பார்த்தாலே கொஞ்சம் நின்றுதான் நகர்கிறேன். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், பிள்ளைகளின் புராஜெக்டுக்குப் படம் தேடும் பெற்றோர், மொழிபெயர்ப்பவர்கள், பழைய பேப்பர் கத்தரிப்புகளைக் கிளறுகிறவர்கள் எல்லாருமே என்றாவது ஒருநாள் இந்தப் பள்ளத்தில் விழுவார்கள். நான் விழுந்து எழுந்து கற்றுக்கொண்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஏன் இத்தனை ஸ்மித் என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். ஸ்மித் என்றால் கொல்லர். இடைக்கால இங்கிலாந்தில் ஊருக்கு ஒரு பட்டறையாவது இருக்கும், லாடம், கொழு, பூட்டு, ஆணி எல்லாம் அங்கேதான். ஜான், வில்லியம் என்று ஒரே ஊரில் பத்துப் பேர் இருந்தால் வரி வசூலிக்க வருகிறவர் எந்த ஜான் என்று கேட்பார். பட்டறை ஜான் என்று பதில் வரும். அப்படி ஒட்டிக்கொண்ட தொழில் அடையாளம் சில தலைமுறையில் குடும்பப்பெயராக இறுகிப்போனது, மகன் துணி தைக்கப் போனாலும் பேரன் பாதிரியார் ஆனாலும் ஸ்மித் ஸ்மித்தாகவே நின்றது. நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இது நடந்தது என்பதுதான் முக்கியம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இன்று முதலிடத்தில் இருக்கும் குடும்பப்பெயர் இதுதான். அமெரிக்காவில் மட்டும் 2010 கணக்கெடுப்பில் 24 லட்சம் ஸ்மித்துகளுக்கு மேல் இருந்தார்கள்.

அமெரிக்காவில் இவ்வளவு பெருகியதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஜெர்மனியிலிருந்து போன ஷ்மிட் குடும்பங்களில் பல, பெயரைச் சுலபமாக்கி ஸ்மித் ஆகிவிட்டன. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியிலும் ஏராளமானோர் ஆங்கிலக் குடும்பப்பெயர்களோடு வாழ வேண்டி வந்தது. கரீபியன் தீவுகளிலும் இதே கதைதான். அதனால் பெயரை மட்டும் வைத்து நிறத்தையோ இனத்தையோ பூர்வீகத்தையோ ஊகிக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் பொருளியலாளர் ஆடம் ஸ்மித்தும் ஸ்மித்தான், பிலடெல்பியாவில் பிறந்த நடிகர் வில் ஸ்மித்தும் ஸ்மித்தான், நம் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு 2014-லும் 2015-லும் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய பார்படோஸ்காரர் டுவைன் ஸ்மித்தும் ஸ்மித்தான்.

கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்று நம்மில் சொல்வார்கள். ஒரு கட்டுரையில் வெறும் "ஸ்மித் சொன்னார்" என்று எழுதுவது ஏறக்குறைய அந்த வியாபாரம்தான். அந்தத் தெருவில் எல்லாரும் ஸ்மித். (ஊசி என்றதும் ஞாபகம் வருகிறது, ஆடம் ஸ்மித் வேலைப் பகிர்வை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணமும் குண்டூசித் தொழிற்சாலைதான். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளில் 48,000 குண்டூசிக்கு மேல் செய்யலாம் என்று 1776-ல் எழுதினார்.)

சரி, வழிக்கு வருவோம்.

பெயரில் எது எது என்று பிரிப்பதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம், அதற்குக் காரணம் நம் பழக்கம். நமக்கு முன்னால் வரும் எழுத்து அப்பாவுடையது, பின்னால் வருவது நம் சொந்தப் பெயர். ஆங்கிலப் பெயரில் அது தலைகீழ்: முன்னால் வருவது சொந்தப் பெயர், நடுவில் இருந்தால் அதுவும் அவருக்கே வைத்த இன்னொரு பெயர், கடைசியில் வருவது குடும்பத்துடையது. ஆகவே "ஜி. ஸ்மித்" என்று பார்த்ததும் ஜி என்பவரின் மகன் ஸ்மித் என்று மனசுக்குள் படித்துவிடாதீர்கள், ஸ்மித் குடும்பத்து ஜி என்று படியுங்கள். பட்டியல்களிலும் நூலக அட்டவணைகளிலும் குடும்பப்பெயரை முன்னால் தூக்கிப் போட்டு, காற்புள்ளி வைத்து, பிறகு சொந்தப் பெயரை எழுதுவார்கள். காற்புள்ளியைக் கவனிக்காமல் "ஸ்மித் ஆடம்" என்று ஒருவரைப் புதிதாகப் படைத்துவிட்ட மாணவர் நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டம் போடும்போதும் இதே விஷயம்தான். சர், டேம் என்ற பட்டங்கள் அங்கே சொந்தப் பெயரோடுதான் ஒட்டும். நடிகை மேகி ஸ்மித்தை டேம் மேகி என்பார்கள், டேம் மேகி ஸ்மித் என்றும் சொல்வார்கள், டேம் ஸ்மித் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம் பத்திரிகைகளில் "சர் ஸ்மித்" என்று வரும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும்.

பெயரைப் பிரித்தாகிவிட்டது. அடுத்து ஆளைப் பிடிக்க வேண்டும். இதற்கு நம்மிடமே பழைய முறை ஒன்று இருக்கிறது. சங்கப் புலவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். ஊர், தொழில், பெயர் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். சாத்தன் என்ற பெயரில் பலர் இருந்தார்கள், மதுரையில் தானியம் விற்ற சீத்தலைச் சாத்தன் என்றதும் மற்றவர்கள் விலகிக்கொள்கிறார்கள். கொல்லர்களும் அங்கே உண்டு. மதுரைப் பெருங்கொல்லன் ஒருவர், தங்கால் பொற்கொல்லனார் இன்னொருவர், பொருளை மட்டும் பார்த்தால் இவர்களும் ஒருவகை ஸ்மித்துகள்தான். நம் தெருவிலும் டீக்கடை முருகன், போஸ்ட்மேன் முருகன் என்று இன்றும் இதைத்தான் செய்கிறோம்.

ஸ்மித்துக்கும் இதையே செய்யுங்கள், கூடவே வருடத்தைச் சேருங்கள். சொந்தப் பெயர், ஊர், தொழில், வாழ்ந்த காலம், இந்த நாலும் கையில் இருந்தால் போதும். கர்க்கால்டி ஊர்ப் பொருளியலாளர் ஆடம் ஸ்மித், 1723–1790. ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்துக் கேப்டன் ஜான் ஸ்மித், 1607-ல் வர்ஜீனியாவில் இறங்கியவர், போக்கஹாண்டஸ் கதையில் வருகிறவர். டைட்டானிக் கேப்டன் எட்வர்ட் ஸ்மித், 1912-ல் கப்பலோடு போனவர். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம், இரண்டு குறைந்தால் எழுதாமல் இருப்பதே நல்லது.

காலம்தான் இதில் ரொம்ப உபயோகமான சல்லடை. "நோபல் பரிசு பெற்ற ஆடம் ஸ்மித்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், பரிசு கொடுக்க ஆரம்பித்ததே 1901-ல், பொருளியலுக்கு 1969-ல், இவர் காலமானது 1790-ல் என்று மூன்று எண்களை அடுக்கினால் கதை முடிந்தது. நோபல் பெற்ற ஸ்மித்துகளைச் சொல்லவேண்டுமென்றால் என் கதையில் வந்த ஜார்ஜுகள் இருவர் போக, மருத்துவத்துக்கு 1978-ல் ஹாமில்டன் ஸ்மித், வேதியியலுக்கு 1993-ல் மைக்கேல் ஸ்மித், பொருளியலுக்கு 2002-ல் வெர்னான் ஸ்மித் இருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: நோபல் அறிவித்த கையோடு பரிசு பெற்றவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேட்டி எடுத்துவந்தவர் பெயரும் ஆடம் ஸ்மித். ஆகவே "நோபல்", "ஆடம் ஸ்மித்" என்று சேர்த்துத் தேடினால் ஏகப்பட்டது வரும், பலவும் பொருளியல் மேதை சம்பந்தப்பட்டதாக இருக்காது.

படத்துக்கும் காலச் சல்லடை வேலை செய்யும். புகைப்படக் கலை வெளியுலகுக்கு வந்தது 1839-ல். அதற்கு முன்னால் இறந்த ஸ்மித்துக்கு யாராவது புகைப்படம் காட்டினால் அது வேறு ஸ்மித். ஆடம் ஸ்மித்துக்குப் புகைப்படம் இருக்க வாய்ப்பே இல்லை, ஜேம்ஸ் டாஸி 1787-ல் செய்த பதக்கச் சிற்பத்தின் பக்கவாட்டு முகம்தான் பெரும்பாலும் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. 2007 முதல் 2022 வரை புழங்கிய இங்கிலாந்தின் இருபது பவுண்டு நோட்டிலும் பக்கவாட்டு முகம்தான். பிள்ளைகளின் சார்ட்டில் கோட்டு போட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் ஆடம் ஸ்மித் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஆனால் ஆடம் ஸ்மித்திலேயே காலச் சல்லடையும் தொழில் சல்லடையும் ஏமாற்றும் ஓர் இடம் இருக்கிறது. அவர் அப்பா பெயரும் ஆடம் ஸ்மித். மகன் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அந்த அப்பா கர்க்கால்டியில் சுங்க அதிகாரியாக இருந்தவர். மகனோ உலகப்புகழ் பெற்ற பிறகு 1778-ல் எடின்பரோவில் சுங்க ஆணையராக வேலைக்குப் போனார். "சுங்கத்துறை ஆடம் ஸ்மித்" என்று 18-ம் நூற்றாண்டு ஆவணம் ஒன்றில் பார்த்தால் தேதி பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஒரே துறையில் இருவர் இருந்தால்

இங்கேதான் உண்மையான தலைவலி. துறையைச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை, காலமும் அருகருகே, சில சமயம் ஊரும் ஒன்று. இதற்கு நடு எழுத்துதான் மருந்து. என் ஜார்ஜுகளையே பாருங்கள். ஜார்ஜ் இ. ஸ்மித் 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலோடு சேர்ந்து சிசிடியை உருவாக்கியவர், ஜார்ஜ் பி. ஸ்மித் மிசூரிப் பல்கலைக்கழக உயிரியலாளர். நடுவில் இருக்கும் ஒரே எழுத்தை நான் கேள்வித்தாளில் எழுதியிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பேனா அன்றைக்கே போயிருக்கும். ஜார்ஜ் ஸ்மித்துகள் இவர்களோடு முடியவில்லை. 1872-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் களிமண் பலகையில் பிரளயக் கதையைப் படித்துக் காட்டி உலகை அதிரவைத்த ஒரு ஜார்ஜ் ஸ்மித் உண்டு, ரூபாய் நோட்டு மாதிரியான பணத்தாளுக்கு அச்சுத்தகடு செதுக்கும் வேலையில் பழகி, அந்தப் பலகைகளில் இருக்கும் ஆப்பெழுத்தைத் தானாகவே படித்தவர், 1876-ல் முப்பத்தாறு வயதில் அலெப்போவில் இறந்துவிட்டார். அப்புறம் பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித் ஒருவர், பிரிட்டனின் பிரமுகர்களையெல்லாம் அகர வரிசையில் தொகுக்கும் மாபெரும் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்துக்குப் பணம் போட்டவர், 1885-ல் முதல் தொகுதி வந்தது. அந்தக் களஞ்சியத்தில் ஸ்மித் பகுதியைத் தொகுத்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும், முதலாளியே ஒரு ஸ்மித்.

நடு எழுத்தை ஒழுங்காகப் பாதுகாக்கிற இடம் கிரிக்கெட் ஸ்கோர் அட்டை. இதை நான் பயிற்சிக் களமாகவே சொல்வேன். ஸ்டீவ் ஸ்மித் என்றால் நமக்கு ஒருவர்தான், 2010-ல் லார்ட்ஸில் லெக் ஸ்பின்னராக அறிமுகமாகி எட்டாவதாக பேட் பிடித்து, பிறகு உலகின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவராக மாறிய, 2018 கேப்டவுன் பந்துச் சேத விவகாரத்தில் ஓராண்டுத் தடை வாங்கிய அந்த ஸ்டீவ். ஆனால் 1980-களில் அதே ஆஸ்திரேலியாவுக்கு, அதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலிருந்து, இன்னொரு ஸ்டீவ் ஸ்மித் ஆடியிருக்கிறார். நாடு ஒன்று, மாநிலம் ஒன்று, ஆட்டம் ஒன்று. ஸ்கோர் அட்டையில் பழையவர் எஸ்.பி. ஸ்மித், இப்போதையவர் எஸ்.பி.டி. ஸ்மித். நம் தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரிவது நம் துரதிர்ஷ்டம், பழையவரின் பி ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து, புதியவருடையது பதினாறாவது. அதனால் அந்த டி-யை விட்டுவிடாதீர்கள்.

வெஸ்ட் இண்டீஸ் அணியில் 2000-களில் டுவைன் ஸ்மித், டெவன் ஸ்மித் என்று இரண்டு டி. ஸ்மித்துகள் இருந்தார்கள், ஒருவர் டி.ஆர்., இன்னொருவர் டி.எஸ். முதலாமவர் பார்படோஸ், இரண்டாமவர் கிரெனடா. இங்கிலாந்தில் மைக் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் மூன்று பேர் நாட்டுக்காக ஆடியிருக்கிறார்கள்: எம்.ஜே.கே., எம்.ஜே., ஏ.எம். மூன்றாமவரின் முதல் பெயர் ஆண்ட்ரூ, ஆனால் கூப்பிட்டது மைக் என்று, எனவே தலைப்பெழுத்தை மட்டும் பார்த்து மைக்கைத் தேடினால் அவர் கிடைக்கவே மாட்டார். இயன் ஸ்மித் என்றால் நியூஸிலாந்தின் விக்கெட் கீப்பர், 1990-ல் ஆக்லாந்தில் ஒன்பதாவதாக இறங்கி நம்மை 173 அடித்துத் துவைத்தவர், பிறகு வர்ணனையாளர். அரசியல் நூலில் இயன் ஸ்மித் வந்தால் அது 1965-ல் ரொடீஷியாவை (இன்றைய ஜிம்பாப்வே) தன்னிச்சையாகச் சுதந்திர நாடு என்று அறிவித்த வெள்ளையர் ஆட்சியின் பிரதமர். இவர்களைக் குழப்பிக்கொண்டால் மன்னிப்பே கிடையாது.

நடு எழுத்தை யாரும் சேர்த்துச் சொல்லாததால் தீராத வழக்கு ஒன்று உண்டு. 2020 அக்டோபரில் அமெரிக்க பேஸ்பால் இறுதிச் சுற்றுக்குப் போகும் தொடரில் அட்லாண்டா அணிக்காகப் பந்து எறிந்தவர் வில் ஸ்மித், அதை அடித்து வேலிக்கு வெளியே அனுப்பிய லாஸ் ஏஞ்சலஸ் வீரரும் வில் ஸ்மித். இந்த மாதிரி நேரத்தில் அணியையும் களத்தில் அவர் செய்யும் வேலையையும் ஒவ்வொரு தடவையும் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. "பந்தெறியும் வில் ஸ்மித்தை அடிக்கும் வில் ஸ்மித் அடித்தார்" என்று எழுத அசட்டுத்தனமாக இருக்கும், பரவாயில்லை, எழுதுங்கள்.

1920-களின் அமெரிக்க ப்ளூஸ் பாடகிகளிடமும் இதே கூட்டம். மேமி, பெஸ்ஸி, கிளாரா, டிரிக்ஸி, லாரா, எல்லாரும் ஸ்மித், யாரும் யாருக்கும் சொந்தமில்லை. பெஸ்ஸியும் கிளாராவும் ஜோடியாகப் பாடிப் பதிவு செய்தும் இருக்கிறார்கள், அக்கா தங்கை என்று நினைக்கத் தோன்றும், இல்லை. இங்கே சொந்தப் பெயரால் மட்டுமே அழைப்பதுதான் வழி. ஒரே கட்டுரையில் இரண்டு ஸ்மித் வந்தாலே நான் இதைத்தான் செய்வேன், முதல் தடவை முழுப்பெயர், பிறகு பெஸ்ஸி, மேமி என்று. குடும்பப்பெயரால் அழைப்பதுதான் மரியாதை என்று யாராவது ஆட்சேபித்தால் வாசகருக்குப் புரிவதுதான் முதல் மரியாதை என்று சொல்லிவிடுங்கள்.

சொந்தம் என்று முடிவு கட்டும் முன்

பெயர் ஒன்று என்பதற்காக உறவு சொல்லாதீர்கள் என்பது பொது விதி. ஆனால் உறவு இருக்கும் இடங்களும் உண்டு. இங்கிலாந்துக்கு ஆடிய ராபின் ஸ்மித்தும் கிறிஸ் ஸ்மித்தும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அதே தென்னாப்பிரிக்காவின் கேப்டனாக 22 வயதில் பொறுப்பேற்ற கிரேம் ஸ்மித் அவர்களுக்கு ஒன்றும் ஆகமாட்டார். மோர்மன் சமயத்தைத் தொடங்கி 1844-ல் சிறையில் கும்பலால் கொல்லப்பட்ட ஜோசஃப் ஸ்மித்தின் குடும்பத்தில் ஜோசஃப் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும், அவர் மகன், அண்ணன் மகன், அண்ணன் மகனின் மகன் என்று, அவர்களும் சமயத் தலைவர்களே. இங்கே நடுப்பெயரையும் வருடத்தையும் விட்டால் ஒரு தலைமுறையே காணாமல் போகும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு சோதனை வேண்டும்: இந்த ஸ்மித் பிறந்த வீட்டுப் பெயரா, புகுந்த வீட்டுப் பெயரா? பாடகி பேட்டி ஸ்மித் பிறந்ததும் ஸ்மித்தாக, 1980-ல் கல்யாணம் செய்துகொண்டதும் ஃப்ரெட் ஸ்மித் என்ற கிதார் கலைஞரை, ஆக மாற்றும் வேலை மிச்சம். மௌனப் படக் காலத்தின் பெரும் நட்சத்திரம் மேரி பிக்ஃபோர்டோ டொரன்டோவில் கிளாடிஸ் ஸ்மித்தாகப் பிறந்து ஸ்மித்தை சினிமாவுக்கு வரும் முன்பே கழற்றிவிட்டவர். ஸ்மித் பட்டியல் போடுகிறவர்கள் இவரை மறந்துவிடுவார்கள்.

தமிழில் எழுதும்போது நாமே உண்டாக்கும் குழப்பமும் இருக்கிறது. 1799-ல் மத்தியத்தரைக்கடல் ஓரத்து ஆக்ரே கோட்டையில் நெப்போலியனை மறித்த கடற்படைத் தளபதி ஒரு சிட்னி ஸ்மித், நகைச்சுவைப் பேச்சுக்குப் பேர்போன பாதிரியார் இன்னொரு சிட்னி ஸ்மித், ஏறக்குறைய சமகாலத்தவர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசப்படும், தமிழில் அதுவும் கரைந்துவிடும். ஸ்மித் என்பதையே வேறு எழுத்துக்கூட்டலில் எழுதும் குடும்பங்களும் உண்டு, அவர்களில் சிலர் ஸ்மித் என்றும் சிலர் ஸ்மைத் என்றும் உச்சரிப்பார்கள். ஆகவே குறிப்பெடுக்கும்போது மூல எழுத்தில் ஒரு தடவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தமிழில் எழுதலாம். நெப்போலியன் என்றதும் சொல்லவேண்டும், சமுத்திரகுப்தரை "இந்திய நெப்போலியன்" என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்தப் பெயரை வைத்ததும் ஒரு ஸ்மித்தான், வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்மித். பாடப்புத்தகத்தில் வெறும் "வி.ஏ. ஸ்மித்" என்று இருக்கும், ஆள் டப்ளினில் பிறந்து இந்திய சிவில் பணியில் இருந்தவர்.

இனி தேடும் முறை. தேடுபெட்டியில் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் ஊரும் வருடமும் சேருங்கள். வேண்டாத துறையைக் கழித்தல் குறி போட்டு விலக்கலாம்: ஸ்மித் என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு ஒட்டிக் கிரிக்கெட் என்று போட்டால் பாதிக் கூட்டம் வெளியேறும். விக்கிப்பீடியாவில் ஒரே பெயருக்கு இருக்கும் பெயர்க்குழப்பப் பக்கத்துக்கு முதலில் போங்கள், நேராகக் கட்டுரைக்குப் போகாதீர்கள், முதலில் வருகிறவர் பிரபலமானவர் என்பதால் வருகிறார், நீங்கள் தேடுகிறவர் என்பதால் வரவில்லை. பெரிய நூலகங்களின் அட்டவணையில் பெயரோடு பிறந்த, இறந்த வருடங்களையும் ஒட்டியிருப்பார்கள், எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான குறுக்குவழி கிடையாது. இப்போதைய ஆய்வாளர் என்றால் ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண்ணைத் தேடுங்கள், 16 இலக்கம், ஒருவருக்கு ஒன்று. ஆயிரம் ஜே. ஸ்மித் கட்டுரை எழுதினாலும் எண் மாறாது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இரண்டு ஸ்மித்தைப் பிசைந்து ஒரு ஸ்மித்தாகக் கொடுக்க வாய்ப்பு உண்டு, வருடங்களைத் தனியாகச் சரிபார்க்காமல் எடுக்காதீர்கள்.

கடைசியாக, இந்த முறையை வைத்து எங்கள் வீட்டில் தீர்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெரியப்பாவின் கையெழுத்து நோட்டு ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஒரு பக்கத்தில் கிறுக்கலாக ஒரு கையெழுத்து, ஸ்மித் என்பது மட்டும் படிக்க வருகிறது, கீழே பெரியப்பா கைப்பட "மெட்ராஸ் டெஸ்ட், ஜனவரி 64" என்று எழுதியிருக்கிறார். வீட்டில் எல்லாரும் வருடக்கணக்காகச் சொல்லிவந்தது, அது வெஸ்ட் இண்டீஸ் வீரர் சோபர்ஸின் உயிர் நண்பர் காலி ஸ்மித், பாவம் சின்ன வயசில் செத்துப்போனவர், பெரியப்பா அவரைப் பார்த்துப் பேசியிருக்கிறார் என்று. காலி ஸ்மித் 1958-59-ல் வெஸ்ட் இண்டீஸ் அணியோடு இந்தியா வந்தவர்தான், அதனால் கதை நம்பும்படி இருந்தது. ஆனால் சோபர்ஸ் ஓட்டிய கார் இங்கிலாந்தில் விபத்துக்குள்ளாகி அவர் இறந்தது 1959 செப்டம்பரில், வயது 26. ஜனவரி 64-ல் கையெழுத்துப் போட முடியாது.

அப்படியானால் 1964 ஜனவரியில் மெட்ராஸில் யார் ஆடினார்கள்? இங்கிலாந்து. மைதானம் சேப்பாக்கம்கூட இல்லை, அப்போது டெஸ்ட் நடந்தது மாநகராட்சி மைதானத்தில். பாபு நட்கர்னி தொடர்ந்து 21 ஓவர் மெய்டனாக வீசி, மொத்தம் 32 ஓவரில் ஐந்தே ரன் கொடுத்தது அந்த ஆட்டத்தில்தான். ஐந்து டெஸ்ட்டும் டிராவில் முடிந்த அந்தத் தொடரில் இங்கிலாந்தின் கேப்டன் எம்.ஜே.கே. ஸ்மித், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடியவர், அதற்கு முன் இங்கிலாந்துக்கு ரக்பியும் ஆடியவர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கிறுக்கலின் ஆரம்பத்தில் ஒரு எம் மாதிரியான வளைவு இருந்தது.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். "கண்ணாடி போட்ட ஆளா? ஆமாம்டா, கண்ணாடி போட்டிருந்தான்னுதான் சொன்னார்" என்றாள்.